வாசகர் கேள்வி-பதில்: உஸ்பெகிஸ்தானில் திரும்பி வந்த பாங்கொலி

சமர்கண்ட், புகாரா நகரங்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளிவந்த பயணக் கட்டுரையைப் படித்துவிட்டு எழுதிய வாசகர்களில் பலரும் கட்டடங்களைப் பற்றிக் கேட்கவில்லை. விடுதலைக்குப் பின் அந்நாட்டு மக்களின் மத வாழ்க்கை என்ன ஆயிற்று என்பதையே கேட்டிருக்கிறார்கள். ஆகவே இம்முறை பக்கம் முழுவதும் அந்த ஒரு பொருளுக்கே.

கேள்வி: எழுபது ஆண்டுக்கால சோவியத் ஆட்சியில் அடியோடு அழிக்கப்பட்ட மத வாழ்க்கை, 1991இல் உஸ்பெகிஸ்தான் தனி நாடானதும் ஒரே இரவில் எப்படி மீண்டும் முளைத்தது? (மதுரை)

அடியோடு அழிந்திருந்தால் முளைத்திருக்காது. அழிந்தது வெளியே தெரிந்த பகுதிதான். அந்த அழிவும் சிறியதல்ல. 1920களின் இறுதியில் மதரஸாக்கள் மூடப்பட்டன, வக்ஃபு நிலங்கள் பறிக்கப்பட்டன, ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) சிறைக்கும் சைபீரியாவுக்கும் அனுப்பப்பட்டனர். 1927 மார்ச் 8 அன்று பெண்களின் முகத்திரையை அகற்றும் இயக்கம் தொடங்கியது. இவற்றைவிட ஆழமான வெட்டு எழுத்தின் மீது விழுந்தது என்பது என் கருத்து. அரபு எழுத்தில் எழுதப்பட்டு வந்த மொழி 1920களின் இறுதியில் லத்தீன் எழுத்துக்கும், 1940இல் ரஷ்ய எழுத்துக்கும் மாற்றப்பட்டபோது, பாட்டனார் வைத்துவிட்டுப் போன புத்தகத்தைப் பேரனால் வாசிக்க முடியாமல் போயிற்று. (விடுதலைக்குப் பின் 1993இல் மறுபடியும் லத்தீனுக்கு மாறினார்கள், ஒரே நூற்றாண்டில் எத்தனை முறை ஒரு சமூகம் அரிச்சுவடி படிக்க வேண்டியிருந்தது பாருங்கள்.)

ஆனால் வீட்டுக்குள் இருந்ததை அரசால் முழுவதும் எட்ட முடியவில்லை. கட்சி உறுப்பினர் வீட்டிலும் பிள்ளைக்குச் சுன்னத் நடந்தது, திருமணத்தில் நிக்காஹ் ஓதப்பட்டது, இறந்தவருக்கு ஜனாஸாத் தொழுகை நடந்தது. இதைக் கட்டிக்காத்தவர்களில் பெண்களின் பங்கு பெரிது. 'ஒதின்' என்று மரியாதையாக அழைக்கப்படும் பெண் ஆசிரியைகள், நம் ஊர்களில் பெண்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் உஸ்தாபிகளைப் போன்றவர்கள், அக்கம்பக்கத்துப் பெண்களுக்குக் குர்ஆன் ஓதிக்காட்டினார்கள், மவ்லிது நடத்தினார்கள், துக்க வீட்டில் முன்னின்றார்கள். 'பீபி செஷன்பா' என்றொரு சடங்கு உண்டு. 'செவ்வாய்க்கிழமை நாச்சியார்' என்று பொருள் கொள்ளலாம். செவ்வாய்க்கிழமையில் பெண்கள் மட்டும் கூடி, கதை சொல்லி, வேண்டுதல் வைக்கும் வழக்கம் அது. ஆண்களுக்கு இடமில்லாத நம் செவ்வாய் நோன்பை அறிந்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. உஸ்பெக் பெண்களின் இந்தக் கூட்டத்தை ஆலிம்களில் சிலர் மூடநம்பிக்கை என்றார்கள், கட்சிக்காரர்களும் அப்படியே சொன்னார்கள். சடங்கு இரு தரப்பாரையும் தாண்டி நிலைத்துவிட்டது.

ஆண்கள் பக்கத்தில் 'ஹுஜ்ரா' எனப்பட்ட அறைக் கல்வி இருந்தது. அதில் மறக்கக் கூடாத பெயர் முஹம்மத்ஜான் ஹிந்துஸ்தானி. 1892இல் கோகந்த் பகுதியில் பிறந்த இவர் அஜ்மீரில் ஓதிவிட்டுத் திரும்பியதனால் அந்தப் பட்டப்பெயரைப் பெற்றார். சிறையும் முகாமும் கண்டு மீண்ட பின், அண்டை நாடான தாஜிகிஸ்தானின் துஷான்பே நகரில் தம் வீட்டறையில் மறைவாக அரபும் தஃப்ஸீரும் (குர்ஆன் விளக்கவுரை) பாடம் சொன்னார். விடுதலைக் காலத்தில் உஸ்பெகிஸ்தானின் கிழக்கே உள்ள பெர்கானாப் பள்ளத்தாக்கில் பெயர் பெற்ற ஆலிம்கள் சிலர் அவருடைய மாணவர்களே. அவர் 1989இல் காலமானார்.

அதே 1989தான் திருப்பம் வந்த ஆண்டு, விடுதலை அல்ல. அவ்வாண்டு பிப்ரவரியில், அரசின் நியமனமாக நீடித்துவந்த முஃப்தி (தலைமை மார்க்க அறிஞர்) பதவி விலக வேண்டும் என்று தாஷ்கண்டில் விசுவாசிகள் வீதிக்கு வந்தார்கள், அவர் விலகினார். அடுத்த மாதம் முஹம்மத் ஸாதிக் முஹம்மத் யூசுஃப் முஃப்தியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அருங்காட்சியகத்தில் இருந்த, கலீஃபா உஸ்மானுடையது என்று மரபு சொல்லும் மிகப் பழைய குர்ஆன் பிரதி, முஸ்லிம்களிடம் ஒப்படைக்கப்பட்டதும் அப்போதுதான். ரஷ்யத் தளபதி ஒருவர் சமர்கண்டிலிருந்து எடுத்துச் சென்ற அந்தப் பிரதி, பீட்டர்ஸ்பர்க், ஊஃபா வழியாகச் சுற்றி 1920களில் தாஷ்கண்டுக்குத் திரும்பி, காட்சிப்பொருளாகக் கண்ணாடிக்குள் இருந்தது. சவூதியிலிருந்து லட்சக்கணக்கில் குர்ஆன் பிரதிகள் வந்திறங்கின. கிடங்காகவும் பட்டறையாகவும் மாற்றப்பட்டிருந்த பள்ளிவாசல்களை ஊரார் தாமே கூட்டிப் பெருக்கித் தொழ ஆரம்பித்தார்கள். 1991 ஆகஸ்ட் 31 அன்று விடுதலை அறிவிக்கப்பட்டபோது இந்த எழுச்சிக்கு இரண்டு வயது நிரம்பியிருந்தது.

கேள்வி: எங்கள் ஊரில் ஆண்டுதோறும் புகாரி ஷரீஃப் மஜ்லிஸ் நடக்கிறது. அந்த இமாம் புகாரி அவர்களின் அடக்கத்தலம் சோவியத் காலத்தில் எந்த நிலையில் இருந்தது? இப்போது? (காயல்பட்டினம்)

நபிமொழிகளைத் தொகுத்த அந்த இமாமின் அடக்கத்தலம் சமர்கண்டுக்கு வெளியே சில மைல் தொலைவில் உள்ள ஹர்தங்க் என்னும் சிற்றூரில் இருக்கிறது. சோவியத் காலத்தின் பெரும்பகுதியில் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1998இல், ஹிஜ்ரிக் கணக்கில் இமாமின் 1225ஆம் பிறந்த ஆண்டு என்று கொண்டாடி, பெரிய நினைவு வளாகம் ஒன்றை அரசு அங்கே எழுப்பியது. அதற்கு முன்பே, 1993இல், புகாரா அருகே உள்ள, சூஃபி ஞானி பஹாவுத்தீன் நக்ஷ்பந்தின் தர்கா அவருடைய 675ஆம் பிறந்த ஆண்டை ஒட்டிப் புதுப்பிக்கப்பட்டிருந்தது. அவர் பெயரால் வழங்கும் நக்ஷ்பந்தித் தரீக்கா (சூஃபி நெறி) அங்கிருந்துதான் டில்லிக்கும் ஸர்ஹிந்துக்கும் வந்து சேர்ந்தது என்பதால், இந்தியாவிலிருந்து ஜியாரத் செய்யப் போகிறவர்கள் இரண்டையும் சேர்த்தே பார்த்துவருகிறார்கள்.

இந்தத் திருப்பணிகளின் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அரசு எடுத்துக் கட்டிய தலங்கள் பெரும்பாலும் ஆயிரம், அறுநூறு ஆண்டுகளுக்கு முன் மறைந்த மேதைகளுடையவை. அவர்கள் 'நம் மண்ணின் மைந்தர்கள்', தேசத்தின் பெருமைகள் என்று கொண்டாடப்பட்டார்கள். முதல் அதிபர் இஸ்லாம் கரீமோவ் 1994இல் 'மஅனவியத்' என்ற பெயரில், ஆன்மிகமும் அறிவொளியும் பரப்புவதற்கென்றே ஓர் அரசு மையத்தை அமைத்தார்; பள்ளிக்கூடங்களில் அது பாடமாகவும் ஆனது. அந்தப் பாடத்தில் இமாம் புகாரி வருவார், அமீர் தைமூரும் வருவார், நவ்ரூஸ் பண்டிகை வரும்; தொழுவது எப்படி என்பது மட்டும் வராது. 'ஆன்மிக மறுமலர்ச்சி' என்று அந்நாட்டு அரசு ஏடுகள் எழுதும்போது பெரும்பாலும் குறிப்பது இதைத்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால் குழப்பம் வராது.

கேள்வி: மதச்சார்பற்ற நாடு என்று அறிவித்துக்கொண்ட ஒரு தேசத்தின் அதிபர் குர்ஆன் மீது கைவைத்துப் பதவியேற்றாராமே, இது முரண்பாடு இல்லையா? நம்முடைய மதச்சார்பின்மையும் அவர்களுடையதும் ஒன்றுதானா? (கோயம்புத்தூர்)

பதவியேற்றது உண்மை. 1992 ஜனவரியில் கரீமோவ் ஒரு கையை அரசியல் சட்டத்தின் மீதும் மறு கையைக் குர்ஆன் மீதும் வைத்து உறுதிமொழி எடுத்தார். அதே ஆண்டில் சவூதி சென்று உம்ராவும் செய்தார். ஆயுள் முழுதும் கம்யூனிஸ்ட் கட்சியில் வளர்ந்து, அந்தக் குடியரசின் கட்சித் தலைமைப் பதவி வரை வந்தவர் அவர். கட்சி போன பிறகு மக்களிடம் காட்ட அவருக்கு வேறோர் அடையாளம் தேவைப்பட்டது. அப்போது மக்களிடையே செல்வாக்குள்ள அடையாளம் அது ஒன்றுதான்.

1992 டிசம்பர் 8 அன்று நிறைவேறிய அரசியல் சட்டம் எல்லோருக்கும் மனசாட்சிச் சுதந்திரத்தை உறுதிசெய்தது. மத அமைப்புகள் அரசிலிருந்து பிரிக்கப்பட்டவை என்றும், அவற்றின் செயல்பாடுகளில் அரசு தலையிடாது என்றும் அதன் 61ஆம் பிரிவு கூறியது. மதச்சார்பற்றது என்பதற்கு அவர்கள் பயன்படுத்தும் சொல் 'துன்யோவிய்'. துன்யா என்ற சொல்லைத் தமிழ் முஸ்லிம்கள் அன்றாடம் பேசுகிறார்கள். 'உலகியல் சார்ந்த அரசு' என்று வைத்துக்கொள்ளலாம். 2023 ஏப்ரல் 30 வாக்கெடுப்பில் ஏற்கப்பட்ட திருத்தப்பட்ட அரசியல் சட்டத்தின் முதல் பிரிவிலேயே இச்சொல் இடம்பெற்றுவிட்டது.

நடைமுறையில் 61ஆம் பிரிவு தலைகீழாக நின்றது. அரசின் மத விவகாரக் குழு ஒன்று இயங்குகிறது. அதன் ஒப்புதல் இல்லாமல் பள்ளிவாசலும் பதிவாகாது, மத நூலும் அச்சாகாது. இமாம்கள் முஃப்தியின் வாரியத்தால் நியமிக்கப்படுகிறார்கள். ஜும்மா உரையின் வாசகமே வாரியத்திலிருந்து வருகிறது. இதைப் படித்ததும் சில வாசகர்களுக்கு நம்முடைய அறநிலையத் துறை நினைவுக்கு வரலாம். அத்துறை கோயிலின் சொத்தையும் உண்டியலையும் நிர்வாகத்தையும் பார்க்கிறது. இன்ன நாளில் இன்ன பிரசங்கத்தைத்தான் செய்ய வேண்டும் என்று எழுதி அனுப்புவதில்லை. இந்தியாவில் மதச்சார்பின்மை என்றால் எல்லா மதங்களோடும் அரசு சம உறவு வைத்திருக்க வேண்டும் என்பதே இலட்சியம். அதில் நாம் எவ்வளவு தேறியிருக்கிறோம் என்பது வேறு பேச்சு. உஸ்பெகிஸ்தானிலோ மதம் அரசியலுக்குள் வரக் கூடாது, ஆனால் அரசு மதத்துக்குள் போகலாம் என்றாயிற்று. ஸ்டாலின் 1943இல் தாஷ்கண்டில் முஃப்தி வாரியத்தை ஏற்படுத்திய நாளிலிருந்தே இந்த வழக்கம் உண்டு. விடுதலை பெற்ற அரசு தன் முன்னோரிடமிருந்து பெற்றுக்கொண்ட சொத்துகளில் அந்த வாரியமும் ஒன்று.

கேள்வி: பள்ளிவாசல்களைத் திறக்க அனுமதித்த அரசே பிறகு தொழுகையாளிகளைச் சிறையில் அடைத்தது ஏன்? தீவிரவாதம் உண்மையாகவே இருந்ததா, அல்லது அது அரசு சொன்ன சாக்கா? (திருச்சிராப்பள்ளி)

இரண்டும் இருந்தன. எது முதலில் வந்தது என்பதில்தான் இன்றுவரை வழக்கு.

1991 டிசம்பரில் கரீமோவ் நமங்கான் நகருக்குப் போனார். அங்கே 'அதாலத்' என்ற பெயரில் இளைஞர்கள் சிலர் திருடர்களைப் பிடித்துத் தண்டிப்பது, கடைவீதியில் விலையைக் கண்காணிப்பது என்று தாமே ஒரு காவல் படையாக இயங்கிவந்தார்கள். கூட்டத்தின் நடுவே அதிபரை நிறுத்திவைத்து, இஸ்லாமிய அரசு அறிவிக்க வேண்டும் என்பது உள்ளிட்ட கோரிக்கைகளை வாசித்தவர் தாஹிர் யூல்தாஷெவ் என்ற இளைஞர். அதிபர் அன்று பொறுமையாகப் பேசிவிட்டுத் தலைநகருக்குத் திரும்பினார். சில மாதங்களில் அந்த இயக்கத்தார் கைதானார்கள். யூல்தாஷெவ் எல்லை தாண்டினார். 1992இல் பக்கத்து தாஜிகிஸ்தானில் மூண்ட உள்நாட்டுப் போர் 1997 வரை நீடித்தது. இந்த இரண்டும் சேர்ந்து, மதத்தின் பெயரால் எழும் எந்தக் கூட்டத்தையும் போரின் தொடக்கமாகப் பார்க்கும் மனநிலையை அரசுக்குக் கொடுத்துவிட்டன.

அந்த அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை; ஆனால் அது யாரைக் குறிவைத்தது என்று பார்க்க வேண்டும். மக்கள் தேர்ந்தெடுத்த முஃப்தி முஹம்மத் ஸாதிக், ஆயுதத்துக்கும் அவருக்கும் தொடர்பே இல்லாதவர், 1993இல் பதவியிழந்து நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. அந்திஜான் ஜும்மா பள்ளிவாசலின் இமாம் அப்துவலி காரி 1995 ஆகஸ்ட் 29 அன்று தாஷ்கண்ட் விமான நிலையத்தில் பயணத்துக்குச் சென்றவர், பிறகு திரும்பவே இல்லை. அவரும் ஹிந்துஸ்தானியிடம் ஓதியவர்தான். ஆயினும் ஆசிரியருடன் கடுமையாகக் கருத்து மோதியவர். அப்பகுதியில் வேரூன்றிய ஹனஃபி சட்ட மரபின் வழியே பொறுமை காத்து, அடுத்த தலைமுறைக்குக் கல்வியைச் சேர்ப்பதே கடமை என்று முதியவர் சொல்ல, உள்ளூர்ச் சடங்குகளையும் அரசுக்கு அடங்கிப்போவதையும் ஏற்க மாட்டோம் என்று மாணவர்களில் ஒரு சாரார் பிரிந்தார்கள். இது ஆலிம்களுக்குள் நடந்த, நூல்களை முன்வைத்து நடந்த விவாதம். அதை அவர்களே முடித்துக்கொள்ள விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அரசு ஒரு தரப்புக்கு 'வஹாபி' என்று பெயரிட்டு வழக்குப் போட ஆரம்பித்த பிறகு விவாதத்துக்கு இடமே இல்லாமல் போயிற்று.

1998 மே 1 அன்று புதிய மதச் சட்டம் வந்தது. பதிவு பெற 100 குடிமக்களின் கையொப்பம் தேவை. பதிவில்லாத கூட்டுத் தொழுகை குற்றம். அனுமதியில்லாமல் ஓதிக்கொடுப்பது குற்றம். மதப் பிரசாரம் குற்றம். மதகுருமார் அல்லாதோர் பொது இடத்தில் மத உடையில் நடமாடுவதும் குற்றம். மறுபதிவு பெற முடியாமல் நூற்றுக்கணக்கான பள்ளிவாசல்கள் மூடப்பட்டன. ஊரார் கூட்டிப் பெருக்கித் திறந்த கதவுகள் அவை. 1999 பிப்ரவரி 16 அன்று தாஷ்கண்டில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்து 16 பேர் இறந்தனர். அதற்குப் பின் கைதுகள் ஆயிரக்கணக்கில் பெருகின. பாலைவனத்தின் நடுவே ஜஸ்லிக் என்னும் இடத்தில் அதே ஆண்டு திறக்கப்பட்ட சிறை, சித்திரவதைக்குப் பெயர் போனது. யூல்தாஷெவும் கூட்டாளிகளும் ஆப்கானிஸ்தானிலிருந்து ஆயுதமேந்திய இயக்கம் நடத்தினார்கள் என்பது உண்மை. சிறையில் கிடந்தவர்களில் மிகப் பலர் அவர்களைக் கண்ணால்கூடக் கண்டதில்லை என்பதும் உண்மை.

2005 மே 13 அந்திஜானில் நடந்ததை இதன் உச்சம் எனலாம். மத அடிப்படையில் குழுவாக இணைந்து தொழில் நடத்திய 23 வணிகர்கள் மீதான வழக்கை ஒட்டி, ஆயுதம் தாங்கிய சிலர் சிறையை உடைத்தார்கள். நகரச் சதுக்கத்தில் ஆயிரக்கணக்கான பொதுமக்கள் கூடினார்கள். அவர்களின் பேச்சில் மதத்தைவிட வறுமையும் வேலையின்மையும் அதிகம் இருந்ததாக உயிர் தப்பியவர்கள் சொன்னார்கள். ராணுவம் சுட்டது. இறந்தவர்கள் 187 பேர் என்றது அரசு. பல நூறு பேர் என்றன மனித உரிமை அமைப்புகள். சுதந்திரமான விசாரணை இன்றுவரை நடக்கவில்லை. அந்தச் சதுக்கத்துக்கு அவ்வூரில் பிறந்த பாபரின் பெயர்.

கேள்வி: தாடி வைத்திருந்தாலே பிடித்துக்கொண்டு போவார்கள் என்கிறார்களே? (ஆம்பூர்)

முதியவர் தாடிக்குத் தொல்லை இல்லை. இளைஞர் தாடிக்கு உண்டு. 1990களின் பிற்பகுதியில் அது சந்தேகத்துக்குப் போதுமான காரணமாக இருந்தது. இப்போது அந்த அளவுக்கு இல்லை.

கேள்வி: கிறிஸ்தவர்களும் பிறரும் அங்கே சுதந்திரமாக வழிபட முடிகிறதா? (நாகர்கோவில்)

எந்தக் கிறிஸ்தவர் என்பதைப் பொறுத்தது. ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபைக்குப் பெரிய இடைஞ்சல் எதுவும் வந்ததில்லை. தாஷ்கண்டில் ஜார் காலத்தில் போலந்துக் கத்தோலிக்கர்கள் கட்டத் தொடங்கி, புரட்சிக்குப் பின் பாழாகக் கிடந்த ஆலயம் விடுதலைக்குப் பின் அவர்களிடமே திரும்பி, 2000இல் அர்ச்சிக்கப்பட்டது. 1937இல் ஸ்டாலின் தூரக் கிழக்கிலிருந்து நாடு கடத்திக் கொண்டுவந்து இறக்கிய கொரியர்களின் வழித்தோன்றல்கள் தாஷ்கண்டைச் சுற்றி வாழ்கிறார்கள். அவர்களிடையே புராட்டஸ்டன்ட் சபைகள் உண்டு. யூதர்களும், பஹாய்களும், ஹரே கிருஷ்ணா பக்தர்களும்கூடப் பதிவு பெற்ற சமூகங்கள். புகாராவின் பழம்பெரும் யூதச் சமூகத்துக்குச் சட்டம் தடையாக இல்லை; ஆனால் விடுதலைக்குப் பின் அவர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்கும் அமெரிக்காவுக்கும் குடிபெயர்ந்துவிட்டதால், ஜெப ஆலயம் இருந்தும் ஆட்கள் மிகச் சிலரே.

தொல்லை பட்டவர்கள் பதிவு பெறாத பாப்டிஸ்டுகளும் யெகோவாவின் சாட்சிகளும்தான். பாப்டிஸ்டுகளில் ஒரு பிரிவினர் அரசிடம் பதிவு கேட்பதே தவறு என்று கொள்கையாகவே வைத்திருப்பவர்கள். அவர்கள் வீட்டில் கூடி ஜெபித்தால் காவல் துறை நுழைந்து, அபராதம் விதித்து, வேதாகமங்களைப் பறிமுதல் செய்யும். யெகோவாவின் சாட்சிகளுக்கு நாடு முழுவதிலும் சிர்சிக் நகரில் மட்டுமே நெடுங்காலம் பதிவு இருந்தது. இவர்களைக் காட்டி 'கிறிஸ்தவர்கள் ஒடுக்கப்படுகிறார்கள்' என்று எழுதுவோர், சிறையில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். பெரும்பான்மை மதத்தின் பெயரால் சிறுபான்மையினர் நெருக்கப்படுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு, பெரும்பான்மை மதத்தாரே மிகுதியாக நெருக்கப்பட்ட இந்த நிலை எளிதில் பிடிபடாது.

கேள்வி: கரீமோவ் மறைவுக்குப் பின் நிலைமை மாறியிருக்கிறதா? அடுத்த ஆண்டு குடும்பத்துடன் சமர்கண்ட், புகாரா செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா? (சென்னை)

மாறியிருக்கிறது; முழுவதும் அல்ல. கரீமோவ் 2016இல் இறந்தார். அடுத்து வந்த ஷவ்கத் மிர்ஸியோயெவ், 2017இல் 17,000க்கும் மேற்பட்ட பெயர்கள் கொண்ட கண்காணிப்புப் பட்டியலிலிருந்து 15,000க்கும் அதிகமானோரை நீக்கச் செய்தார். ஜஸ்லிக் சிறையை 2019 ஆகஸ்டில் மூட உத்தரவிட்டார். 2021 ஜூலையில் வந்த புதிய சட்டம் பதிவுக்குத் தேவையான எண்ணிக்கையை 100இலிருந்து 50ஆகக் குறைத்தது, மத உடைக்கான தடையை எடுத்தது. அதே சட்டம் மதப் பிரசாரத் தடையையும், அனுமதியில்லாமல் ஓதிக்கொடுப்பதற்கான தடையையும், நூல் தணிக்கையையும் அப்படியே வைத்துக்கொண்டது. 2023இல் முகத்தை மூடும் உடைக்குத் தடை வந்தது. மத உரை ஒன்றைக் கைப்பேசியில் பகிர்ந்ததற்காகத் தண்டிக்கப்படுவோர் இன்றும் உண்டு. முன்னாள் முஃப்தி முஹம்மத் ஸாதிக் இந்த மாற்றங்களைக் காணவில்லை. நாடு திரும்ப அனுமதி பெற்று, தாஷ்கண்டில் நூல்கள் எழுதியபடியே வாழ்ந்து, 2015 மார்ச்சில் காலமானார். அவருடைய ஜனாஸாவுக்குத் திரண்ட கூட்டத்தை அந்நகரம் வெகுகாலம் பேசியது.

பயணத்துக்கு வருகிறேன். புகாராவில் மீர் அரப் மதரஸாவை வெளியிலிருந்து பாருங்கள். மாணவர்கள் ஓதும் இடம் என்பதால் உள்ளே சுற்ற விடமாட்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பல ஆண்டுகள் சோவியத் நாடு முழுவதற்கும் இமாம்களை உருவாக்கிய ஒரே மதரஸா அதுதான். தாஷ்கண்டில் ஹஸ்ரதி இமாம் வளாகத்தைத் தவறவிடாதீர்கள். உஸ்மானிய குர்ஆன் பிரதிக்காகவே செல்ல வேண்டிய இடம் அது. மத நூல்களை நாட்டுக்குள் கொண்டுவர மத விவகாரக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்பது சட்டம் என்பதால், அங்குள்ளவர்களுக்குக் கொடுக்கலாம் என்று நூல்களைக் கட்டி எடுத்துச் செல்ல வேண்டாம். ஒலிபெருக்கியில் பாங்கு சொல்வது 2000களின் நடுப்பகுதியில் நிறுத்தப்பட்டு, 2017 இறுதியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. காயல்பட்டினத்திலோ மேலப்பாளையத்திலோ கேட்பதைப் போல ஊரையே நிறைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். நீங்கள் தங்கும் விடுதி பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் இருந்தால் காதில் விழும்.